பச்சைத் திட்டுகள்
நியூசிலாந்தின் வைக்காட்டோவில் பால்மாடு மேயும் நிலம் தூரத்துப் பார்வைக்கு ஒரே பச்சைதான். வேலியோரம் வந்து நின்று பார்க்க வேண்டும். ரைகிராஸும் வெள்ளைக் குளோவரும் கலந்த அந்தப் புல்வெளியில் அங்கங்கே கரும்பச்சைத் திட்டுகள். அங்கே மட்டும் புல் கொழுத்து, தலை தூக்கி நிற்கும். எல்லாம் மாட்டு மூத்திரம் செய்த வேலை.

ஒரு பசு நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை பெய்யும், ஒவ்வொரு முறையும் சுமார் 2 லிட்டர். நனையும் இடமோ ஒரு சதுர மீட்டர்கூட இராது. கணக்கை விரித்துப் பார்த்தால், ஹெக்டேருக்கு 500 முதல் 1000 கிலோ வரை நைட்ரஜன் கொட்டியதற்குச் சமம்! செயற்கை உர நைட்ரஜனுக்கு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 190 கிலோ என்று அந்நாடு 2021-ல் வரம்பு கட்டியது. பசுவுக்கு யார் வரம்பு கட்டுவது? புல்லோடு பிளான்டெய்ன் (plantain) என்ற மேய்ச்சல் பூண்டைக் கலந்து விதைத்து, அதை மேயும் மாட்டின் மூத்திர நைட்ரஜனைக் கொஞ்சம் நீர்க்கச் செய்கிறார்கள்.

மூத்திர யூரியா சில நாளில் அம்மோனியமாகும், சில வாரத்தில் நைட்ரேட்டாகும். புல் எடுத்தது போக மிச்சம் குளிர்கால மழையோடு நிலத்தடி நீருக்கு இறங்கும். அந்தப் பச்சையை ரசிக்கும்போது இந்தத் தொல்லையும் நினைவில் இருக்கட்டும்.

சாணி விழுந்த இடம் வேறு கதை. சுற்றியுள்ள புல்லை மாடு வாரக்கணக்கில் தீண்டாது. தண்ணீர்த் தொட்டியடியும் வாயிலடியும் மாடுகள் கூடி நிற்பதால் வளம் மிஞ்சிக் கிடக்கும். மண் மாதிரி எடுப்பவர்கள் அந்த இடங்களை விட்டு விலகியே குழாயை இறக்குவார்கள்.