பாகம் கேட்டவள்

தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாயும் கோபிசெட்டிபாளையத்து வயல்களைத் தமிழ் சினிமா எத்தனையோ தடவை காட்டிவிட்டது. கிராமம் என்றாலே இந்தப் பச்சைதான் என்று பட்டணத்துக்காரர்கள் நம்புகிறார்கள். வரப்புக்கு இந்தப் பக்கத்துக்காரரும் அந்தப் பக்கத்துக்காரரும் பேசி எத்தனை வருஷம் ஆச்சு என்று கேமரா கேட்பதில்லை. 1942இல் வந்த ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவல் கேட்டது.

சண்முகசுந்தரமும் கொங்குநாட்டுக்காரர்தான், தாராபுரம் பக்கத்துக் கீரனூர். அவருடைய நாகம்மாள் புருஷனை இழந்தவள். சின்ன மகளோடு கொழுந்தன் சின்னப்பன் குடும்பத்தில் இருக்கிறாள். சின்னப்பன் கெட்டவன் அல்ல. பண்ணையத்தில் மாடாக உழைப்பவன். நாவலின் நுட்பமே இங்கேதான். வீட்டுக்குள் வில்லன் யாரும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் தன் சொல்லுக்கு மதிப்பில்லை என்பது நாகம்மாளுக்கு உறுத்துகிறது. பாகம் வேண்டும் என்கிறாள். அந்த உறுத்தலை ஊதிவிட மணியக்காரர் இருக்கிறார், கெட்டியப்பன் என்ற முரடன் இருக்கிறான். மறுபக்கம் சின்னப்பனின் மாமியார் காளியம்மாளுக்கு வேறு கணக்கு. ஆளுக்கு ஒரு சொல்தான் சொல்கிறார்கள். கடைசியில் கெட்டியப்பன் கையால் சின்னப்பன் சாகிறான்.

கொலைக் கதைகள் பெரும்பாலும் பிணத்தில் தொடங்கிக் கொலைகாரனைத் தேடிப் போகும். இது தலைகீழ். உயிர் போவது முடிவில்தான். அதற்குள் யார் யாருக்கு அதில் பங்கு என்று நமக்கே தெரிந்துவிடுவதால் துப்பறிபவருக்கு வேலையே இல்லை. ஆசிரியரும் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. கொங்குப் பேச்சிலேயே அவரவரைப் பேசவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

அவள் கேட்டது நியாயமா? விதவைக்குக் குடும்பச் சொத்தில் பங்கு தரும் சட்டம் 1937இல் வந்தது. மாகாணங்களில் விவசாய நிலத்துக்கு அது செல்லாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 1941இல் சொல்லிவிட்டது. அடுத்த வருஷம் நாவல் வெளியாகிறது. கோர்ட்டில் போய் நிற்க வழியில்லாதவள் மணியக்காரரின் பேச்சை நம்பியதில் என்ன ஆச்சரியம்?

பிரான்சின் போஸ் சமவெளியைக் களமாக வைத்து எமிலி ஸோலா 1887இல் எழுதிய 'லா தேர்' நாவலிலும் பாகம்தான் வினை. கிழவர் ஃபூவான் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளுக்கு நிலத்தைப் பிரித்துக் கொடுக்கிறார். நிலவெறி முற்றி, கடைசியில் அவரையே கொன்றுவிடுகிறார்கள். ஸோலா ரத்தத்தையும் சேற்றையும் அள்ளி அள்ளிக் கொட்டுவார். சண்முகசுந்தரம் அடக்கி வாசிப்பவர். எனக்கு இவர் கைதான் பிடிக்கிறது.

முடிவு சட்டென்று வந்துவிடுகிறது என்று குறை சொல்பவர்கள் இருக்கலாம். வரப்புத் தகராறில் விழும் அடி எந்தக் காலத்தில் சொல்லிவிட்டு விழுந்தது?

சின்ன நாவல்தான், ஒரே ராத்திரியில் படித்து முடித்துவிடலாம். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுத நாள் பார்த்திருப்பவர்கள் அதற்கு முந்தைய ராத்திரியே படித்துவிடுங்கள்.