ஸ்பரிசமும் சம்மதமும்

ராஜபாளையமாயினும் ஸ்ரீவில்லிபுத்தூராயினும், "வாலிப வயோதிக அன்பர்களே" என்று விளித்து, மாதத்தின் இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர் தங்கியிருப்பார் என்று அறிவிக்கும் விளம்பரங்களைப் பேருந்து நிலையச் சுவர்களில் படித்தே வளர்ந்த தலைமுறைகள் நாம். தாம்பத்தியத்தைப் பற்றிப் பேசுவனபோல் தோன்றும் அவ்விளம்பரங்களில் மனைவி என்றொரு மனுஷி இல்லவே இல்லை. ஆணின் அச்சத்தை மூட்டிவிட்டு அந்த அச்சத்துக்கே லேகியம் விற்கும் வியாபாரம் அது. சரீர சுகத்தைக் குறித்து நம் ஊர்களில் பகிரங்கமாகக் கிடைக்கும் போதனை பெரும்பாலும் இவ்வளவே என்றிருக்க, கணவன் மனைவி இருவரையும் ஒருங்கே அமர்த்தி, ஸ்பரிசத்தையும் சம்மதத்தையும் படிப்படியாகப் பயிற்றும் ஒரு சிகிச்சை முறை அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகில் நடைமுறையில் இருந்து வருவதையும், அதன் குணதோஷங்களையும் ஆராய்வது வீண்வேலை ஆகாது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் மாஸ்டர்ஸ் என்ற மகளிர் மருத்துவரும் வர்ஜீனியா ஜான்சன் என்ற ஆய்வாளரும் 1970-ல் வெளியிட்ட நூலில் 'சென்சேட் ஃபோகஸ்' என்னும் இப்பயிற்சி விவரிக்கப்பட்டது. தாம்பத்தியத்தில் இடர்ப்பட்ட தம்பதிகள் இரண்டு வார காலம் அங்கே சிகிச்சை பெறுவர். ஆணொருவரும் பெண்ணொருவருமாக இரு சிகிச்சையாளர்கள் அவர்களோடு பேசுவர். பயிற்சியையோ தம்பதிகள் தம் அறையில், தனிமையில், தாமே செய்வர். கலவி கூடாது என்பதே முதல் விதி. மார்பும் பிறப்புறுப்பும் தொடக்கத்தில் விலக்கு. எஞ்சிய சரீரத்தை, தோளும் முதுகும் முழங்கையும் பாதமுமாக, ஒருவர் தொட, மற்றவர் படுத்திருப்பார். பிறகு முறை மாறும். தொடுகிறவர் மற்றவரை மகிழ்விக்க முயலக் கூடாது. தம் விரல்நுனியில் தட்டுப்படும் சூடு, அழுத்தம், தோலின் வழவழப்பு, சொரசொரப்பு ஆகியவற்றிலேயே சித்தத்தை நிறுத்தவேண்டும். சித்தம் எங்கேனும் அலைந்தால் மீண்டும் அங்கேயே கொண்டுவந்து சேர்க்கவேண்டும். தொடப்படுகிறவருக்கும் ஒரு கடமை உண்டு: நோகிறது என்றாலும் பிடிக்கவில்லை என்றாலும் அதை மறைக்கலாகாது. பின்னர் வரும் படிகளில், தொடும் கையின்மேல் தம் கையை வைத்து, இவ்விடம், இவ்வளவு அழுத்தம் என்று வாய்திறவாமலே வழிகாட்டவும் பயில்வர்.

இவ்விதியின் நுட்பம் அது விலக்குவதில் இருக்கிறது. சரீரக் கிளர்ச்சி உத்தரவுக்குக் கட்டுப்பட்டு வருவதன்று. அது வருமா வராதா என்று தன்னைத்தானே ஓரமாக நின்று கண்காணிக்கும் மனிதனுக்கு, அக்கண்காணிப்பே பெருந்தடையாகிவிடுகிறது. இன்றிரவு ஒன்றையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்று விதியே சொல்லிவிட்டபின், கண்காணிக்க எதுவுமில்லை. லாட்ஜு வைத்தியம் வளர்க்கும் அதே அச்சத்தை இம்முறை வேரோடு களைகிறது என்பதே இதன் தலையாய குணம் என்பது என் அபிப்பிராயம்.

பிற்காலத்தில் பெட்டி மார்ட்டின் என்ற அமெரிக்கப் பெண்மணி, 2021-ல் நூலாகவும் எழுதிய 'சம்மதச் சக்கரம்' என்னும் முறையில், இதை மேலும் கூர்மையாக்கினார். ஒரு தொடுகையில் செய்கிறவர் யார் என்பது ஒரு கேள்வி. அது யாருக்காகச் செய்யப்படுகிறது என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்வதாலேயே மனத்தாங்கல்கள் விளைகின்றன என்பது அவர் துணிபு. மூன்று நிமிஷம் நான் உனக்கு என்ன செய்யவேண்டும், மூன்று நிமிஷம் நீ என்னை என்ன செய்ய விரும்புகிறாய் என்ற இரு கேள்விகளைத் தம்பதிகள் மாறி மாறிக் கேட்டுக்கொள்வது இதன் பயிற்சி. முதற்கேள்விக்கு நம் வீட்டுப் பெண் சொல்லும் விடை நாம் அறிந்ததே: "உங்க இஷ்டம்." அந்த விடை இங்கே செல்லாது. அவள் யோசிக்கவேண்டும். நூற்பாலையில் எட்டு மணி நேரம் நின்றும் நடந்தும் வேலை பார்த்து வந்த ஒருத்தி, நெடுநேரம் தயங்கி, "காலைக் கொஞ்சம் பிடிச்சுவிடுங்க" என்று கேட்பாளாயின், அது சிறிய வேண்டுகோள் அன்று. கால் பிடித்துவிடுவது மனைவி கணவனுக்கும் மருமகள் மாமியாருக்கும் செய்யும் பணி என்றே பழகிய இல்லத்தில், அம்மூன்று நிமிஷத்துக்குள் ஒரு சம்பிரதாயமே இடம் மாறி உட்கார்ந்துவிடுகிறது.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவோர் வாத்ஸ்யாயனரை மறந்தவர்கள். காமசூத்திரத்தின் மூன்றாம் அதிகரணத்தில், புதுமணப் பெண்ணின் நம்பிக்கையைப் பெறும் விதத்துக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. மணமானபின் மூன்று இரவுகள் தம்பதிகள் தரையில் படுத்துப் பிரமசரியம் காக்கவேண்டும். அதன்பின்னும் நாட்கள் கழிந்தே, மெல்ல, உடலின் மேற்பகுதியிலிருந்து தொடுகை தொடங்கவேண்டும். பலாத்காரம் செய்யப்பட்ட பெண் கலவியையே வெறுப்பவள் ஆகிவிடக்கூடும் என்று அவர் எச்சரிக்கிறார். விலக்கும் படிநிலையும் இங்கும் உள. ஆயினும் அப்போதனை முழுவதும் ஆணின் காதில் ஓதப்பட்டது. பெண்ணின் சம்மதம் அங்கே வெல்லப்படவேண்டிய பொருளேயன்றி, அவள் மறுத்தால் மறுப்பாகவே நிற்கக்கூடிய தீர்மானம் அன்று. அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளையே கேட்கும் இடத்துக்கு அச்சாஸ்திரம் வந்து சேரவில்லை.

அக்கேள்விக்கு விடை சொன்னவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவள். ஆண்டாளின் திருப்பாவை முப்பது பாசுரங்களும் மார்கழி தோறும் ஊர்தோறும் ஒலிக்கின்றன. 143 பாசுரங்கள் கொண்ட நாச்சியார் திருமொழியிலிருந்தோ, கல்யாண வீடுகளில் வாரணமாயிரம் என்ற ஒரு பதிகம் ஓதப்படுவதோடு பெரும்பாலோர் நின்றுவிடுகிறோம். தன் உடல் யாருக்கு உரியது, யாருக்கு அன்று என்று மன்மதனிடமே நிபந்தனை வைப்பவளும், கண்ணன் இதழின் மணத்தையும் சுவையையும் அவன் கைச்சங்கிடம் விசாரிப்பவளும் எஞ்சிய பதிகங்களில் இருக்கிறாள். அதை ஜீவாத்மாவின் தாபமாக உரைகாரர்கள் விரித்ததை நான் மறுக்கவில்லை, அவ்வுரை நிற்கட்டும். ஆனால் பக்தியின் மொழியாவதற்கு முன்பே, ஒரு பெண் தன் விருப்பத்தையும் விருப்பமின்மையையும் தயக்கமின்றி உரைத்த மொழி அது. ஸ்ரீவில்லிபுத்தூரின் ஆடிப்பூர உற்சவத்தில் ஏழாம் நாள் சயன சேவையில், திருமாலின் பாதத்தருகே தேவி அமர்ந்திருக்கும் வழக்கமான கோலத்துக்கு மாறாக, அவ்வூர்ப் பெருமாளான ரங்கமன்னார் ஆண்டாளின் மடியில் தலைவைத்துக் கிடப்பதை ஆயிரக்கணக்கானோர் தரிசிக்கிறார்கள். தரிசித்துத் திரும்பும் வீடுகளில் அக்கோலத்துக்கு இடம் உண்டா என்பதே கேள்வி.

இனி, இச்சிகிச்சை முறையின் தோஷங்களுக்கு வருவோம். தாழிடக்கூடிய ஓர் அறை, இருவருக்கும் பொதுவான ஓய்வு நேரம், சம அந்தஸ்து இவை மூன்றும் உண்டு என்று கொண்டே இம்முறை வகுக்கப்பட்டிருக்கிறது. 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் தோன்றியது முதல் ஷிப்டு முறையே நாளைப் பங்கிட்ட ஊரில், கணவன் இரவு ஷிப்டுக்குப் புறப்படும்போது மனைவி திரும்பும் வீடுகள் உள. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் பாண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகளின் ஓசைக்கிடையே, ஒரே அறையில் மூன்று தலைமுறையும் உறங்கும் வீடுகளும் உள. அறையும் நேரமும் இல்லாமை பொருளாதாரக் குறை. அதையாவது ஒருவாறு சமாளிக்கலாம்.

சம அந்தஸ்து இல்லாமை என்ற மூன்றாவது குறை அப்படிப்பட்டதன்று. பிடிக்கவில்லை என்று சொல்வது இப்பயிற்சியின் உயிர்நாடி. சொன்னபின் மறுநாள் காலையில் அதற்கு அபராதம் செலுத்தவேண்டிய பெண்ணுக்கு அந்த உரிமையைக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பதால் என்ன பயன்? களைப்பாகவோ விருப்பமின்றியோ இருந்தால் மனைவி மறுப்பது நியாயமா என்று தேசியக் குடும்ப நல ஆய்வில் அரசே ஆணையும் பெண்ணையும் கேட்கிறது. அப்படிக் கேட்கவேண்டிய நிலையே நிலைமையைச் சொல்லிவிடுகிறது. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. அதன் படியேறும் மனைவிக்கு 2005-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் பாதுகாப்பு உத்தரவு பெற்றுத் தரும். கணவன் செய்த பலாத்காரத்தை அப்பெயரால் குற்றம் சாட்டவோ இயலாது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ம் பிரிவும், பதினெட்டு வயது நிரம்பிய மனைவியை அக்குற்றத்தின் வரம்பிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது. தில்லி உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2022 மே மாதத்தில், முந்தைய தண்டனைச் சட்டத்திலிருந்த இதே விதிவிலக்கைப் பற்றி மாறுபட்டுத் தீர்ப்பளித்தனர். சட்டம் தராத சம்மத உரிமையை மூன்று நிமிஷப் பயிற்சி தந்துவிடும் என்று நம்புவது பேதைமை. கணவன் கை ஓங்கும் வீட்டில் இப்பயிற்சியைப் புகுத்துவது பேதைமையினும் கொடியது; அவள் வாய்திறந்து சொன்ன விருப்பமே பிற்பாடு அவளை ஏசப் பயன்படும்.

மாஸ்டர்ஸும் ஜான்சனும் அறிவித்த வெற்றிக் கணக்கை, அளவுகோல் தெளிவாக இல்லையென்று 1980-ல் ஸில்பர்கெல்ட், எவான்ஸ் என்ற விமரிசகர் இருவர் கண்டித்ததை இங்கே ஒரு வரியில் சொன்னால் போதும். இதனினும் பெரிய அபாயம், சிகிச்சையாளரே தம் கையால் தொட்டுப் பயிற்றும் கிளை. ஜோசப் கிரேமர் என்பவர் கலிபோர்னியாவில் தொடங்கிய அம்மரபில், தொடுகை ஒருவழிப்பட்டது, சிகிச்சையாளர் உடையோடும் கையுறையோடும் இருக்கவேண்டும் என்ற விதிகள் உண்டு. விதிகள் நல்லவையே. ஆனால் கதவடைத்த அறையில் குரு என்றும் வைத்தியர் என்றும் ஒருவரை நம்பி உடலை ஒப்புவிக்கும்போது, எதிரிலிருப்பவரின் தகுதியை விசாரித்தறிய நம் ஊர்களில் என்ன வழி இருக்கிறது? லாட்ஜில் லேகியம் விற்றவன் நாளை இப்பெயரில் பலகை மாட்டினால் தடுப்பார் யார்? அக்கிளை நமக்கு வேண்டவே வேண்டாம்.

மற்றதை ஏற்கலாம்; ஏற்கவும் வேண்டும். மும்பையில் பிரகாஷ் கோத்தாரி, சென்னையில் நாராயண ரெட்டி போன்ற மருத்துவர்களின் உழைப்பால் இத்துறை நம் நாட்டில் வேரூன்றிவிட்டபோதிலும், அதன் பயன் நகரங்களோடு நின்றுவிடுகிறது. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருவோரிடம் அந்தரங்க விஷயங்களைக் கூச்சமின்றியும் ரகசியம் காத்தும் பேசப் பயின்ற ஆலோசகர்கள் அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இப்பயிற்சியையும் கற்பித்து, தம்பதிகளுள் ஒவ்வொருவரையும், முதலில் மனைவியை, தனியே விசாரித்து, வீட்டில் அவள் மறுப்புக்குத் தண்டனை இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பின்னரே இருவரையும் சேர்த்து அமர்த்தும் முறையைச் சுகாதாரத் துறை ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தொடங்கிப் பார்க்கட்டும்.