பெயரும் பாங்கும்: ‘எந்திரன்’ வழி ஓர் ஆய்வு

தோற்றுவாய்

ஜேடர்பாளையத்தில் காவிரியினின்று பிரிந்து செல்லும் ராஜவாய்க்காலைப் பற்றிப் பேசுவோர், அல்லாள இளைய நாயக்கர் பெயரையும் உடன் கூறுவர். அவரே அதனை வெட்டுவித்தவர் என்பது இவ்வட்டாரத்து வழக்கு. செயலால் நிலைத்த பெயர் அது. அதே ஊரின் வழியே வாழைத்தாரும் கரும்பும் ஏற்றிச் செல்லும் லாரிகள் சிலவற்றில் திரைப்பட நடிகர் ஒருவரின் பெயரும் உருவமும் தீட்டப்பட்டிருத்தலைக் காண்கிறோம். இப்பெயர் எதனால் நிற்கின்றது என்னும் வினா எளிதில் விடை கூறற்குரியதன்று.

கற்றோர் பலர் இதனை மயக்கம் என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவர். அவ்வாறு ஒதுக்குதல் ஆராய்ச்சியாகாது. நம் வகுப்புகளில் அமர்ந்து தொல்காப்பியம் பயிலும் மாணவரே மாலையில் திரையரங்கின் வாயிலில் நிற்கின்றனர். அவர்தம் சுவையுணர்வை அறியாமல் அவர்க்குச் சுவையிலக்கணம் கற்பித்தல் யாங்ஙனம் இயலும்? ஆதலின், நடிகர் ரஜினிகாந்தின் பெயரையும், மக்கள் ‘ஸ்டைல்’ என வழங்கும் நடிப்புப் பாங்கினையும், 2010ஆம் ஆண்டு வெளிவந்த ‘எந்திரன்’ என்னும் அறிவியற் புனைவுப் படத்தை அடிப்படையாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

பெயர்

சிவாஜி ராவ் என்பது இந்நடிகரின் இயற்பெயர். 1975இல் வெளிவந்த ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் அவரை அறிமுகப்படுத்திய இயக்குநர் கே. பாலசந்தர், சிவாஜி கணேசன் புகழுடன் விளங்கிய காலத்தில் மற்றுமொரு சிவாஜி வேண்டா எனக் கருதி, ‘மேஜர் சந்திரகாந்த்’ கதையிலுள்ள ஒரு பாத்திரத்தின் பெயரை அவர்க்குச் சூட்டினார். கணேசனுக்குச் சிவாஜி என்னும் பெயர் வாய்த்ததும் ஒரு நாடகப் பாத்திரத்தினாலேயே ஆம். அறிஞர் அண்ணாவின் நாடகத்தில் அவர் சிவாஜியாக நடித்ததைப் பாராட்டிப் பெரியார் அவ்வாறு அழைத்தார். ஒருவர் ஒரு பாத்திரத்தால் பெற்ற பெயர், மற்றொருவர் தம் பெயரை விடுத்து வேறொரு பாத்திரத்தின் பெயரை ஏற்கக் காரணமாயிற்று. தமிழ் மேடை தன் நடிகர்க்குப் பெயரிடும் முறைமை இதனால் விளங்கும்.

பவணந்தியார் பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுப்பார். ‘ரஜினிகாந்த்’ என்பதற்கு வடமொழியில் ‘இரவின் தலைவனாகிய திங்கள்’ என்னும் பொருள் உண்டு. எனினும் தமிழ்ச் செவிக்கு அது பொருள் தோன்றா இடுகுறியாகவே முதலில் ஒலித்தது. மூன்றாண்டுகளில், ‘பைரவி’ (1978) வெளியீட்டின்போது அதன் விநியோகஸ்தர் எஸ். தாணு ‘சூப்பர் ஸ்டார்’ என்னும் அடையை விளம்பரங்களிற் சேர்த்தார். இவ்வடை காரணப் பெயர். காலப்போக்கில் அடையும் பெயரும் ஒன்றாயின. இன்று ரசிகர் பெயரைக் கூறாது அடையை மட்டும் கூறினும் பொருள் விளங்குகின்றது. இடுகுறியாய் வந்த பெயரைக் காரணப் பெயராக்கியவர் ரசிகரே எனலாம்.

பாங்கு

‘அண்ணாமலை’ (1992) படத்தின் தொடக்கத்தில் புள்ளிகள் ஒன்றுகூடி எழுத்துகளாகி அப்பெயர் திரையில் விரிகின்றது. கதைக்கு முன் நிற்பதால் இதனை அப்படத்தின் பாயிரம் என்னலாம். சிறப்புப் பாயிரம் கூறவேண்டிய எட்டனுள் ஆக்கியோன் பெயர் ஒன்று மட்டுமே. ஏனைய ஏழும் குன்ற, ஒரு பெயரே பாயிரமாக நிற்பின், நூல் தொடங்குமுன்னரே தீர்ப்புக் கூறப்பட்டுவிடும். பெயர் மிகுதலால் வரும் தீங்கு இதுவே.

பாங்கு அத்தகையதன்று. துண்டை வீசுதல், விரலால் சுட்டுதல், விரைந்து திரும்புதல் முதலியன வெறும் கைத்திறன் எனத் தோன்றும். ஆயினும் இவை தோன்றிய இடத்தை நோக்க வேண்டும். ‘மூன்று முடிச்சு’ (1976), ‘பதினாறு வயதினிலே’ (1977) ஆகிய படங்களில் அவர் ஏற்றவை தீய பாத்திரங்கள். பிறரை எள்ளுதற்கும் அச்சுறுத்தற்கும் கருவியாய் இருந்த மெய்யசைவுகளே பின்னர்த் தலைமைப் பாத்திரத்தின் அணிகளாயின. அணி மாறவில்லை, அதனை அணிந்த பாத்திரத்தின் பண்பே மாறிற்று.

தொல்காப்பியர் பெருமிதத்திற்குக் கூறும் நிலைக்களன்கள் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்னும் நான்கு. இந்நடிகரின் பாங்கு பெரிதும் அஞ்சாமையின்பாற் படும். எதிரியின் முன் ஒருவன் அவசரமின்றித் தன் கண்ணாடியை அணிந்துகொள்ளுதல், அஞ்சவில்லை என்பதனைச் சொல்லின்றிக் காட்டுதலாம். நாள்தோறும் மேலோர் முன் கைகட்டி நிற்க நேரும் ஏழை மக்கள் இதனை விரும்பியதில் வியப்பில்லை. அவர்கள் விரும்பியது கண்ணாடியை அன்று. அதனை அணியும்போது காட்டிய அமைதியையே.

எந்திரன்

அறிவியற் புனைவிற்குரிய மெய்ப்பாடு பெருமிதமன்று, மருட்கை. புதுமை, பெருமை, சிறுமை, ஒன்று பிறிதாய்த் திரியும் ஆக்கம் ஆகிய நான்கினும் அது பிறக்கும். இயக்குநர் சங்கரின் ‘எந்திரன்’ இந்நான்கினையும் கொண்டுள்ளது. எழுத்தாளர் சுஜாதாவின் பங்கும் அதில் உண்டு. படம் வெளிவருமுன்னரே, 2008இல், அவர் மறைந்தார்.

இப்படத்தில் அறிவியலாளர் வசீகரனும் அவர் படைத்த இயந்திர மனிதனும் ஒரே நடிகரே. அவ்வியந்திரத்திற்குச் ‘சிட்டி’ என்று பெயரிடுபவர் வசீகரனின் தாய். புகழ்மிக்க அடைமொழியைத் தாங்கிய நடிகர், ஒரு தாய் தன் குழந்தைக்கு இடும் சிறு பெயரை ஈண்டு ஏற்கின்றார். படத்தின் முற்பகுதியில் சிட்டியின் முகம் உணர்வற்றது, அசைவு அளவிட்டது. ரசிகர் எதிர்நோக்கிய பாங்கு அங்கே அடக்கப்படுகின்றது. அவர்கள் அதனை வெறுத்தாரல்லர். படம் பெருவெற்றி பெற்றது. கண்மூடிய மயக்கம் என்னும் கூற்று இதனால் தளர்கின்றது.

பிற்பகுதியில் அழிவுநோக்கம் ஊட்டப்பெற்ற சிட்டி, தன்னைப்போற் பலவற்றைப் படைத்துக்கொள்கின்றது. அக்கூட்டத்துள் வசீகரன் மறைந்து நிற்க, அவரைத் தேடும் சிட்டி ஆடுபோற் கத்தி எள்ளுகின்றது. எங்கும் ஒரே உருவம் நிற்க, ஒன்றினின்று மற்றொன்றை வேறுபடுத்துவது பாங்கு ஒன்றே. அது 1976ஆம் ஆண்டின் பழைய தீய பாத்திரத்தின் பாங்காகும். நடிகர் தம் தொடக்கத்திற்கே மீள்கின்றார். ஆக்கத்தால் பிறக்கும் மருட்கைக்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான ‘ஸ்டார் டிரெக்’ என்னும் தொலைக்காட்சித் தொடரில் ஸ்பாக் என்னும் வேற்றுலகப் பாத்திரம் ஏற்றவர் லெனார்டு நிமாய். உயர்த்திய ஒற்றைப் புருவமும், விரல்களை இருபாற் பிரித்துக் காட்டும் வணக்கமும் அவர்தம் பாங்கு. அவ்வணக்கத்தை அவர் தம் இளமையிற் கண்ட யூதக் குருமாரின் வாழ்த்து முறையினின்று எடுத்தார். ரசிகர் அவரைப் பாத்திரத்தின் பெயராலேயே அழைத்தனர். 1975இல் அவர் எழுதிய வரலாற்று நூலின் பெயர் ‘நான் ஸ்பாக் அல்லன்’ என்னும் பொருளது. 1995இல் எழுதியது ‘நான் ஸ்பாக்’ என்னும் பொருளது. மறுத்த பெயரை ஏற்க அவர்க்கு இருபதாண்டுகள் ஆயின.

அங்கே பாத்திரத்தின் பெயர் நடிகரை விழுங்கிற்று. ஈண்டோ, நடிகரின் பெயர் பாத்திரங்களை விழுங்குகின்றது. விழுங்கப்படுவது எதுவாயினும், இழப்பு நடிப்பிற்கே.

முடிவுரை

பெயரையும் பாங்கையும் நீக்கின் எஞ்சுவது யாது? இவ்வினாவிற்கு இரு படங்கள் விடை தருகின்றன. மகேந்திரன் இயக்கிய ‘முள்ளும் மலரும்’ (1978) படத்தில் காளி ஒரு கையை இழக்கின்றான். பாங்கு பெரிதும் கையினிடத்தது. அக்கை போனபின் முகமும் குரலும் மட்டுமே தங்கை மீதுள்ள அன்பையும் செருக்கையும் உணர்த்துகின்றன. ‘எந்திரன்’ இறுதியில் நீதிமன்ற ஆணைப்படி சிட்டி தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாய்க் கழற்றுகின்றது. உறுப்புகள் நீங்க நீங்க, விடைபெறும் குரலே எஞ்சுகின்றது. இரண்டிடத்தும் அவையோர் உள்ளம் நெகிழ்வது, பாங்கின் அடியில் நடிப்பு உண்மையின்.

ஆதலின் ரசிகரை இகழ்தல் வேண்டா. அவர் விரும்பும் பாங்கினுள் அஞ்சாமை என்னும் பொருள் உளது என உணர்ந்து, அதன் அடியிலுள்ள நடிப்பையும் காணுமாறு அவரைப் பழக்குதல் திறனாய்வாளர் கடன். ராஜவாய்க்காலில் நீர் ஓடும்வரை அதனோடு சார்த்திப் பேசப்படும் பெயரும் நிற்கும். நடிகரின் பெயரும் அவ்வாறே, லாரிகளில் தீட்டிய வண்ணம் மங்கிய பின்னரும், காளியும் சிட்டியும் போன்ற படைப்புகளாலேயே நிற்கும்.