சீயோன் நண்பர்கள் அருங்காட்சியகம்: ஒரு மதிப்பீடு

யூதருக்கு உற்ற துணையாய் நின்ற பிறசமயத்தாரைப் போற்றுவதற்கென 2015இல் ஜெரூசலத்தில் திறக்கப்பட்டது சீயோன் நண்பர்கள் அருங்காட்சியகம். நிறுவியவர் அமெரிக்கக் கிறிஸ்தவப் பிரசாரகர் மைக் எவன்ஸ். நாஜிகளிடமிருந்து யூதரைத் தம் இல்லத்தில் ஒளித்துக் காத்த கோரி டென் பூம் அம்மையார் அங்கே நினைவுகூரப்படுகிறார், தகும். ஆனால், ஜெரூசலத்தை இஸ்ரேலின் தலைநகராக அங்கீகரித்த டிரம்புக்கும் 2017இல் அதே நிறுவனம் விருதளித்தது. உயிரைப் பணயம் வைத்தவரும் ஆணையில் ஒப்பமிட்டவரும் ஒரே வரிசையில்! யூதரை நேசிப்பதையும் ஓர் அரசை ஆதரிப்பதையும் ஒன்றெனக் கொண்டதே இதன் அடிப்படைக் குறை. பெர்லினில் யூதப் பெண்ணொருத்தியைக் காத்த எகிப்திய மருத்துவர் முஹம்மது ஹெல்மியை 2013இல் கௌரவித்த யாத் வஷேம் நிறுவனம், உயிர் காத்த செயலையே அளவுகோலாகக் கொண்டது.

தோல் வணிகத்தின் பொருட்டுப் பேரணாம்பட்டிலிருந்து கல்கத்தா சென்றுவரும் நம்மவர், அங்கே 1884இல் எழுந்த மாகேன் டேவிட் யூத ஆலயத்தைக் கண்டிருக்கலாம். வழிபடுவோர் அருகிவிட்டனர். துடைத்து, விளக்கேற்றி, தலைமுறைகளாக அதனைப் பேணிவருவோர் முஸ்லிம் பணியாளர்கள். ஃபலஸ்தீனரின் துயருக்கு நெஞ்சு பதைக்கும் ஒரு முஸ்லிம் இவ்வாலயத்தின் சாவியைக் காப்பதில் முரண் ஏதுமில்லை. சீயோன் நண்பர் என்னும் பெயரின்கீழ் அவரை எந்தக் கூடத்தில் நிறுத்துவார்கள்?