சான்றுரையின் நடை: பிறீமோ லெவியின் எழுத்துக்கள் பற்றிச் சில சிந்தனைகள்

நாசி ஆட்சியில் ஐரோப்பிய யூதர் ஏறத்தாழ 60 இலட்சம் பேர் கொல்லப்பட்டமை குறித்து எழுந்த இலக்கியத்தை அணுகும் திறனாய்வாளனை முதலில் ஒரு தயக்கம் பற்றிக்கொள்கிறது. சாவின் வாயிலிலிருந்து மீண்டவன் எழுதியதை நடை, உருவம், உத்தி என்னும் அளவுகோல்களால் அளத்தல் தகுமா என்பதே அது. தயக்கம் மதிக்கத்தக்கதே, ஆயின் அதனால் விளைந்த பயன் நன்றன்று. இவ்வெழுத்துக்கள் ஒன்றில் வரலாற்று ஆவணங்களாகப் பேணப்படுகின்றன, அல்லது கண்ணீரோடு வாசித்து மூடி வைக்கப்படுகின்றன. எழுதியவன் ஒரு சொல்லை விடுத்து இன்னொன்றை ஏன் தேர்ந்தான் என்ற வினா எழுவதில்லை. இத்தாலிய யூதரான பிறீமோ லெவியைப் பொறுத்தவரை அவ்வினாவை எழுப்பாது விடுவது அவருக்கு இழைக்கும் அநீதி என்றே நாம் கருதுகின்றோம். எவ்வாறு எழுதுவது என்பது அவருக்கு வெறும் அழகியற் பிரச்சினையாக என்றும் இருந்ததில்லை.

லெவி 1919 இல் தூரின் நகரிற் பிறந்தவர். 1938 இன் இனச் சட்டங்கள் யூத மாணவருக்குப் பல்கலைக்கழகக் கதவுகளை அடைத்தன. முன்னரே அனுமதி பெற்றிருந்தமையால் அவர் படிப்பைத் தொடர்ந்து 1941 இல் இரசாயனவியலிற் பட்டம் பெற்றார். 1943 டிசெம்பரில், பாசிச எதிர்ப்புக் குழுவொன்றுடன் வடஇத்தாலிய மலைப்பகுதியில் இருந்தபோது பிடிபட்டார். 1944 பெப்ருவரியில் பொசோலி முகாமிலிருந்து அவுஷ்விற்சுக்குப் புறப்பட்ட புகையிரதத்தில் ஏற்றப்பட்டோர் 650 பேர் என அவர் எழுதுகிறார். அவர்களுள் முகாமுக்குள் அனுமதிக்கப்பட்டோர் 96 ஆண்களும் 29 பெண்களுமே. எஞ்சியோர் இரு நாள்களுக்குள் மாண்டனர். 174517 என்ற எண் கையிற் பொறிக்கப்பட்ட லெவி, மொனோவிற்ஸ் பகுதியிற் செயற்கை இறப்பர்த் தொழிற்சாலை ஒன்றைக் கட்டும் அடிமை வேலைக்கு விடப்பட்டார். 1945 ஜனவரியில் ஜேர்மானியர் கைதிகளை நடத்திக்கொண்டு முகாமை நீங்கியபோது செங்காய்ச்சலால் அவர் மருத்துவக் குடிலிற் கிடந்தார். நடந்து சென்றோரிற் பலர் வழியில் இறந்தனர், கிடந்தவர் பிழைத்தார்.

அவரது முதல் நூலான 'இவன் மனிதனாயின்' பெயர்பெற்ற ஐனாவுதிப் பதிப்பகத்தால் நிராகரிக்கப்பட்டு, 1947 இல் டி சில்வா என்ற சிறு பதிப்பகத்தின் மூலம் 2,500 பிரதிகளாக வெளிவந்தது. யுத்தம் முடிந்த கையோடு யுத்தத்தைப் பற்றி வாசிக்க விரும்பியோர் சிலரே. 1958 இல், முன்னர் மறுத்த அதே பதிப்பகம், ஆசிரியர் சேர்த்த புதிய பகுதிகளோடு நூலை வெளியிட்ட பின்னரே அது பரவலாக அறியப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே ஸ்ருவட் வூல்பின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. நாமும் லெவியை ஆங்கிலத்தின் வழியாகவே அறிந்தோம்.

இந்நூலின் நடை பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரே விளக்கத்தையே தருகின்றனர். ஆசிரியர் இரசாயனவியலாளர், எனவே ஆய்வுகூடத்தில் நிறுப்பதுபோல் நிறுத்து எழுதினார் என்பதே அது. ஆவேசமின்மை, அளவான சொற்கள், தீர்ப்பை வாசகனிடம் விடும் பண்பு யாவும் இவ்வாறு விளக்கப்படுகின்றன. இது பிழையான விளக்கமன்று. லெவியே இதற்கு இடங்கொடுத்துள்ளார். எனினும் இது போதிய விளக்கமாகாது. அவரது தெளிவின் வேர் ஆய்வுகூடத்திலும் பார்க்க முகாமிலேயே ஆழமாக இறங்கியிருக்கிறது என்பதே எமது வாதம்.

இதற்குச் சான்றாக இரு செய்திகளை நோக்கலாம். முதலாவது, முகாமில் மொழி அறியாமை சாவுக்குக் காரணமாயிற்று என்பது. அங்கு கட்டளைகள் ஜேர்மன் மொழியில் இடப்பட்டன. விளங்காதவனுக்கு அடியே மொழிபெயர்ப்பு. ஜேர்மன், இட்டிஷ், போலிஷ் ஆகிய எவற்றையும் அறியாத இத்தாலியர் பலர் முதல் இரு வாரங்களிலேயே மடிந்தனர் என்றும், பசியும் குளிரும் காரணமாகத் தோன்றினும் உண்மைக் காரணம் விளங்காமையே என்றும் லெவி பின்னாளில் எழுதினார். பல்கலைக்கழகத்திற் கற்ற சிறிதளவு ஜேர்மன் மொழியும், சக கைதியொருவருக்கு உரொட்டி கொடுத்துக் கற்றுக்கொண்ட சொற்களும் அவர் பிழைத்தமைக்கான காரணங்களுட் சில. விளங்காமை என்பது அவருக்கு வாசகனின் அசௌகரியம் அன்று. கண்முன்னே மனிதரைக் கொன்ற ஒன்று.

இரண்டாவது, அவர் முகாமிற் கண்ட கனவு. வீடு திரும்பிச் சகோதரிக்கும் நண்பருக்கும் நடந்தவற்றைக் கூறுகிறார். அவர்கள் கேட்கவில்லை, தமக்குள் வேறெதையோ பேசுகின்றனர். சகோதரி ஒரு சொல்லும் கூறாது எழுந்து செல்கிறாள். இக்கனவைத் தோழன் அல்பேற்றோவிடம் கூறியபோது, தானும் அதையே காண்பதாகவும் வேறு பலரும் காண்பதாகவும் அவன் கூறினானாம். பசித்தவன் உணவைக் கனவு காண்பது இயல்பு. கேட்பாரற்ற பேச்சைப் பலர் ஒருங்கே கனவு காண்பது, காவலர் கைதிகளுக்குக் கூறிவந்த ஓர் ஏளனத்தோடு இணைத்து நோக்கத்தக்கது: உங்களுள் எவனாவது தப்பினாலும் உலகம் அவனை நம்பாது என்பதே அந்த ஏளனத்தின் சாரம். லெவியின் இறுதி நூலான 'மூழ்கியோரும் மீண்டோரும்' (1986) இதிலிருந்தே தொடங்குகிறது. எனவே அவரது அடங்கிய குரலை உணர்ச்சியின்மை எனக் கொள்ளுதல் தவறு. கேட்பவர் எழுந்து போய்விடாதிருக்கத் தன் குரலைத் தாழ்த்தியவனின் குரல் அது.

நூலிற் சிறந்த அத்தியாயம் எதுவென வினவினால் 'யுலிசீசின் காண்டம்' என்றே நாம் கூறுவோம். பலர் கூறிய விடைதான். ஆயினும் அவர்கள் கூறும் காரணம் எமக்கு உடன்பாடன்று. லெவியும், அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த மாணவன் ஜீன் என்பவனும் சூப்புப் பானையைக் கொண்டுவரச் செல்கின்றனர். வழியில் லெவி அவனுக்கு இத்தாலிய மொழி கற்பிக்க முற்பட்டுத் தாந்தேயின் நரக காண்டத்து 26 ஆம் பகுதியை நினைவிலிருந்து சொல்கிறார். இடையே அடிகள் மறந்துபோகின்றன. விடுபட்டதை ஞாபகப்படுத்த வல்லவர் கிடைத்தால் அன்றைய சூப்பையே கொடுத்துவிடலாம் என எண்ணுகிறார். இதனைப் பண்பாட்டின் வெற்றியெனப் போற்றுவோர் அத்தியாயம் எவ்வாறு முடிகிறது என்பதைக் கவனிப்பதில்லை. வரிசைக்கு வந்து சேர்ந்ததும், இன்றைய சூப்பு கோவாவும் ரேணிப்பும் என்ற அறிவிப்புப் பல மொழிகளில் ஒலிக்கிறது. கவிதை எவரையும் காப்பாற்றவில்லை. ஆனால் ஒருவன் சொல்ல மற்றவன் பொறுமையோடு கேட்ட சிறிது நேரம் கிடைத்தது. மேற்குறித்த கனவின் எதிர்த்தோற்றம் இது. அத்தியாயத்தின் மேன்மை இதிலேயே தங்கியுள்ளது. 1958 இற் சேர்க்கப்பட்ட ஸ்ரைன்லவ் அத்தியாயத்திலும் இவ்வடக்கத்தைக் காணலாம். அழுக்கு நீராயினும், சவர்க்காரம் இல்லையாயினும் முகங்கழுவுதல் மனிதக் கடமை என்று முன்னாட் படைவீரர் ஒருவர் உபதேசிக்கிறார். அதை முற்றாக ஏற்கத் தம்மால் இயலவில்லை என்று ஆசிரியர் முடிக்கிறார். மேடைப் பேச்சாளனுக்கு இம்முடிவு வாய்த்திராது.

இவ்வளவும் கூறியபின் லெவியோடு முரண்படவேண்டிய இடத்துக்கு வருகின்றோம். 1976 இல் எழுதிய கட்டுரையொன்றில் விளங்கா எழுத்தை அவர் கண்டித்தார். அக்கண்டனத்தில் கவிஞர் போல் செலானும் இடம்பெற்றார். செலான் 1920 இற் செர்னோவிற்ஸ் நகரிற் பிறந்த யூதர்; பெற்றோர் 1942 இல் திரான்ஸ்னிஸ்திரியாவுக்கு நாடுகடத்தப்பட்டு அங்கே மாண்டனர்; தாமும் கட்டாய உழைப்பு முகாம்களில் அடைபட்டவர்; 1970 இற் பாரிசில் செயின் நதியில் வீழ்ந்து இறந்தார். அவரது பிற்காலக் கவிதைகள் செய்தியைத் தாங்கி வரவில்லை, இறப்பவனின் இறுதி மூச்சுத்திணறல் போல் எம்மைக் கலக்குவதோடு நின்றுவிடுகின்றன என்பது லெவியின் குற்றச்சாட்டு. எழுதுபவன் தனியன் அல்லன், ஆகவே விளங்க எழுதும் கடமை அவனுக்குண்டு என்பது அவர் வாதத்தின் உட்பொருள்.

இக்குற்றச்சாட்டின் ஊற்றை மேலே கண்டோம். அதனாலேயே அதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆயினும் இருவர் நிலையும் ஒன்றன்று. லெவி திரும்பிச் சென்ற இத்தாலிய மொழி, முகாமில் அவருக்கு எதிராக ஏவப்படாத மொழி. தாந்தேயோடு அவருக்குத் துணையிருந்த மொழி. செலானுக்கோ தாய் தாலாட்டிய மொழியும் தாயைக் கொன்றோர் பேசிய மொழியும் ஒன்றே. ஜேர்மன் மொழியிலே தெளிவாக எழுதுமாறு அவரைக் கேட்பது, எதுவும் நடவாததுபோல் அம்மொழியைக் கையாளுமாறு கேட்பதாகும். மேலும் 1986 இல் லெவியே தம் வாதத்தின் அடித்தளத்தை அசைத்துவிட்டார். மீண்டோர் முழுமையான சாட்சிகள் அல்லர். அடிவரை சென்றவர் திரும்பவில்லை, அல்லது பேச்சிழந்து திரும்பினர். அவர்களுக்குப் பதிலாளாகவே நாம் பேசுகின்றோம் என்று அங்கே எழுதுகிறார். அவ்வாறாயின் முழுச் சாட்சியின் மொழி தெளிவாய் இருக்கும் என்று எவ்வாறு எதிர்பார்க்கலாம்? (1987 இல் அவர் இறந்த விதத்தை இந்நூலுக்கு உரையாகக் கொள்வோர் உளர். நூலை நூலாகவே வாசிப்பது நன்று.)

இவ்வினாவுக்கு விடை லெவியின் எழுத்திலேயே முன்னர் வந்திருந்தது. 1963 இல் வெளியான 'போர்நிறுத்தம்' நூலில், முகாம் விடுவிக்கப்பட்டபின் நோயாளர் கூடத்திற் கிடந்த ஒரு குழந்தையைப் பற்றிய சில பக்கங்கள் உள. வயது மூன்று இருக்கலாம். இடுப்புக்குக் கீழ் அசைவில்லை. பேசக் கற்பிப்பார் எவரும் இருந்திலர். ஹுர்பினெக் என்பது கூடத்திலிருந்தோர் இட்ட பெயர். இறந்தோன் பெயரும் குடியும் சொல்லி இரங்குவது எமது கையறுநிலை மரபு. இக்குழந்தைக்குச் சொல்லப் பெயருமில்லை, குடியுமில்லை. ஹெனெக் என்ற 15 வயது ஹங்கேரியச் சிறுவன் அதைக் கழுவி, ஊட்டி, பேசப் பழக்கினான். ஒருநாள் குழந்தை ஒரு சொல்லைச் சொல்கிறது. அது பெயரா, உணவா, எம்மொழிக்குரியது என எவருக்கும் தெரியவில்லை. 1945 மார்ச்சு முதல் நாள்களிற் குழந்தை இறந்துபோகிறது. அதன் சாட்சியம் தம் சொற்களிலன்றி வேறெங்கும் இல்லை என்று லெவி எழுதுகிறார்.

இத்தாலிய மெய்யியலாளர் அகம்பென் 1998 இல் வெளியிட்ட நூலில் இக்குழந்தையின் சொல்லையும் செலானின் கவிதையையும் தொடர்புபடுத்தியுள்ளார். சாட்சியத்தின் நடுவில் சாட்சி சொல்ல இயலாமை உள்ளது என்பது அவர் கண்ட முடிவு. அம்முடிவிலும் பார்க்க எம்மை ஈர்ப்பது அக்கூடத்தின் காட்சியே. ஐரோப்பாவின் பல மொழிகளையும் பேசுவோர் அங்கே நோயுற்றுக் கிடந்தனர். அவர்கள் இரவிலே மௌனமாகக் காதுகொடுத்து, அச்சொல் தம் மொழியினதாகுமோ என ஆராய்ந்தனர். லெவியின் கனவில் தெளிவாகச் சொல்லப்பட்டதைக் கேட்க ஒருவரும் இருந்திலர்; இங்கே விளங்காத ஒரு சொல்லுக்கு ஒரு கூடமே செவிசாய்த்தது. விளக்கம் சொல்பவன் கையில் மாத்திரம் தங்கியிருக்கவில்லை என்பதை 1976 இன் கட்டுரையாளர் மறந்திருக்கலாம். 1963 இன் கதைசொல்லி அறிந்திருந்தார். 1981 இல், தம்மை உருவாக்கிய எழுத்துக்களைத் தொகுத்து லெவி ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் சேர்த்துக்கொண்டவற்றுள் ஒன்று செலானின் 'மரண இசை' என்ற கவிதை.