புலி ஜெயித்தது, பட்டறை தோற்றது

'லைஃப் ஆஃப் பை' படத்தில் அந்தப் புலி பாயும்போது பயந்தீர்கள்தானே? பெரும்பாலான காட்சிகளில் அது நிஜப் புலி அல்ல; கம்ப்யூட்டர் பெற்ற பிள்ளை. கொஞ்சிக் குழையாத, மிருகமாகவே இருக்கிற புலி. அதுதான் அந்த வேலையின் அழகு.

செய்தது ரிதம் அண்ட் ஹ்யூஸ். மும்பை, ஹைதராபாத்திலும் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரி 24-ல் ஆஸ்கர்! அதற்குச் சில நாள் முன்புதான் கம்பெனி திவால் மனு கொடுத்திருந்தது. மேடையில் அந்தக் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் மியூசிக்கைப் போட்டு மைக்கை அடக்கிவிட்டார்கள்.

இந்தத் தொழிலில் பேசிய தொகை பேசியதுதான். 'இதை மாத்து, அதை மாத்து' என்று கேட்கக் கேட்கச் செலவு மட்டும் ஏறும். பி.காம். முதல் வருஷப் பையனுக்கே புரிகிற நஷ்டம்.

பிள்ளையை அனிமேஷன் கோர்ஸில் சேர்க்கிறீர்களா? தாராளமாக. ஆனால் மாயா சாஃப்ட்வேரோடு கொட்டேஷன் போடவும் சொல்லித் தருவார்களா என்று கேட்டுவிட்டு ஃபீஸ் கட்டுங்கள்.