கோழை என்றொரு சொல்

கோவைப் பஞ்சாலைத் தொழிலாளி பற்றி நம்மிடம் ஒரு கதையாடல் தயாராக இருக்கிறது. 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தோழர்கள் நால்வரில் தொடங்கி, கொடி, கதவடைப்பு, மூடிய மில் என்று அது போகும். உயர்த்திய கை அதில் உண்டு. கைக்குப் பின்னாலிருக்கும் நெஞ்சாங்கூட்டை, நான் படித்தவரை, யாரும் எழுதவில்லை.

புளோரூமிலும் கார்டிங்கிலும் நின்றவர்களுக்குப் பஞ்சுத்தூசி தரும் நோய்க்குப் பெயர் பிசினோசிஸ். விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சைப் பிடிக்கும். 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம் இதைத் தொழில்நோயாக ஏற்றது. சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போயிற்று என்று பார்த்து ஈடு கொடுத்தது. சட்டத்துக்குத் தொழிலாளி என்றால் சம்பாத்தியம். சரி, இலக்கியத்துக்கு?

என் அப்பா கார்டிங்கில் இருந்தவர். (பீடியும் உண்டு, மறைப்பதற்கில்லை.) கடைசி வருஷங்களில் ராத்திரி எழுந்து உட்கார்ந்து, "கதவத் தொறந்து வுடு கண்ணு" என்பார். கதவு திறந்துதான் இருக்கும். மாத்திரை போட்டதை மறந்து மறுபடி கேட்பார். அம்மாமேல் எரிந்து விழுவார். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம். யூனியன் யூனியன் என்று வாய் ஓயாத மனிதர், வாசலில் தோழர்கள் குரல் கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "வயசாயிருச்சு, புத்தி பெரண்டு போச்சு" என்று நாங்கள் முடிவு கட்டினோம். மனுஷன் கோழையாயிட்டார் என்றார் ஒரு தோழர்.

ரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் கவனமும் நினைவும் தடுமாறும். கரியமில வாயு தேங்கினால் தலைவலி, மந்தம், குழப்பம். மூச்சு முட்டும்போது பயம் வருகிறது. பயத்தில் மூச்சு வேகமெடுக்க, உள்ளே போன காற்று வெளியேற நேரமில்லாமல் இன்னும் முட்டுகிறது. நோய் முற்றியவர்களிடம் மனச்சோர்வு சாதாரணம். இதெல்லாம் அப்பா போன பிறகு படித்தது. தமிழ் எம்.ஏ.வில் இதற்கு இடமேது?

காசநோயை மேற்கின் இலக்கியம் மென்மையான மனங்களின் நோயாக அழகுபடுத்தியதை சூசன் சாண்டாக் 1978இல் எழுதினார். 1948இல் காசத்தில் இறந்த புதுமைப்பித்தனைச் சுற்றி நாமும் அப்படியொரு ஒளிவட்டம் வரைந்து வைத்திருக்கிறோம். ஈளைக்கு அந்த யோகமில்லை. பத்திருபது வருஷமெடுத்து, ஆளைச் சிடுமூஞ்சியாக, மறதிக்காரனாகக் காட்டித்தான் அது கொல்கிறது. சளிக்கும் பயந்தவனுக்கும் தமிழில் ஒரே சொல்தான்: கோழை. அந்தத் தோழர் எதைச் சொன்னாரோ.

விறகடுப்பு ஊதிய அம்மாவுக்கும் இப்போது இருமல். அது எந்தத் தொழில்நோய்ப் பட்டியலிலும் வராது. இந்தக் கட்டுரையிலும் கடைசியில்தான் வருகிறது.